அயர்ன் வண்டிக்கு ஒரு கூரை

மயிலாப்பூர் மாட வீதிகளை விட்டுச் சற்று உள்ளே போனால், தெருமுனையில் ஒரு அயர்ன் வண்டி நிற்பதைப் பார்க்கலாம். நான்கு சக்கரம், ஒரு மேசை, கீழே துணி மூட்டை, மேலே கூரை. துணி கொடுக்க வருபவர்கள் மடிப்பைப் பார்ப்பார்கள், பெட்டியைப் பார்ப்பார்கள். கூரையை யார் பார்க்கிறார்கள்? அது ஒழுகும்போதுதான்!

அப்படி ஒரு வண்டிக்காரரின் கதை இது. பழைய தகரக் கூரை. ஆணி ஓட்டை வழியாக ராத்திரி மழை சொட்டியதில், தேய்த்து வைத்திருந்த ஒரு வெள்ளை வேட்டியில் துருக்கறை. துருக்கறை சோப்புக்குப் போகாது. வேட்டிக்காரர் பெரிய மனிதர். "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அந்த வீட்டுத் துணி வரவில்லை. போனது ஒரு வேட்டியின் விலை அல்ல, ஒரு வீட்டு வாடிக்கை.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி கூரையை மாத்திடு" என்றார் மனைவி. சரி, எதைப் போட்டு மாற்றுவது?

கையில் எளிதாகக் கிடைப்பது பழைய ஃபிளெக்ஸ் பேனர். தலைவரின் முகம் கீழ்ப்பக்கம் வருமாறு கட்டினால் ஒரு மழைக்காலம் ஓடிவிடும். ஆனால் அது பிளாஸ்டிக். வெயிலில் காய்ந்து மொரமொரவென்று வெடிக்கும், கரிப்பொறி பட்டால் ஓட்டை விழும்.

கீற்று குளுமையானது. ஆனால் அடியில் கரி நெருப்பு இருக்கிறதே! 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் நெருப்புக்கு மேலே கீற்றை யார் வேய்வார்கள்?

அடுத்து ஆஸ்பெஸ்டாஸ். துருப்பிடிக்காது. ஆனால் ஆறடிக்கு நாலடி வண்டிக்கு, வெளியே நீளும் பகுதியையும் சேர்த்து இரண்டரை சதுர மீட்டர் கூரை வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அது 25 கிலோவைத் தாண்டும். வண்டி குலுங்கினால் விரிசல் விடும். துளை போடும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரலாம். இதற்காகவே பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. அதே பரப்புக்கு அரை மில்லிமீட்டர் இரும்புத் தகடு 10 கிலோதான். அலுமினியம் என்றால் மூன்றரை கிலோ போதும்.

எடையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? வண்டி நகர வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம், பொருள் விற்பவர்களோடு சேவை செய்பவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் பள்ளம் தோண்ட வந்தவர்கள் "கொஞ்சம் தள்ளுப்பா" என்றால் தள்ளித்தான் ஆக வேண்டும். தள்ள முடியாத வண்டி தெருவில் எத்தனை நாள் தாங்கும்?

மறுபடியும் சாதாரண தகரமே போட்டால் என்ன? சாந்தோம் கடல் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்று முதலில் துத்தநாகப் பூச்சைத் தின்னும், பிறகு இரும்பைத் தின்னும். ஆரம்பிக்கும் இடம் வெட்டிய ஓரமும் ஆணி ஓட்டையும்தான். அலுமினியம் நல்லதுதான். ஆனால் மெல்லிய தகடு சீக்கிரம் நசுங்கும். வண்டிச் சட்டத்தின் இரும்பை உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டால் அதுவும் அரிக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது கால்வால்யூம். இரும்புத் தகட்டின் மேல் 55 சதவீதம் அலுமினியம், மீதியில் பெரும்பங்கு துத்தநாகம், துளி சிலிக்கான் கலந்த பூச்சு. சாதாரண தகரத்தைவிட அதிக நாள் உழைக்கும்.

விலை மட்டும் உறுத்தியது. கணக்குப் பாடத்தில் இதற்கு வழி உண்டு. பொருளின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வருஷா வருஷம் மாற்றும் பேனர்தான் அதிக விலை! ஆனால் அயர்ன்காரர் சம்பாதிப்பது ஆண்டுக் கணக்கில் இல்லையே, நாள் கணக்கில்தானே? ஏழைக்கு மலிவான பொருள் அதிக விலைக்கு விழுவது இப்படித்தான். பத்து வருஷம் உழைக்கும் பொருளை வாங்க முடியாதவர், பத்து முறை வாங்குகிறார்.

முடிச்சை அவிழ்த்தது வெல்டிங் கடைக்காரர். "அண்ணே, பாதி இப்போ குடு. மீதியை தீபாவளி துணி முடிஞ்சதும் குடு" என்றார். வேலையையும் ஒழுங்காகச் செய்தார். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் திருகாணி போடாமல், தகட்டின் மேட்டில் ரப்பர் வாஷர் வைத்துப் போட்டார். சரிவைத் துணி அடுக்காத பக்கமாகக் கொடுத்தார். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி வெயில் அடித்திருக்கிறது. கீழே வேறு நெருப்பு. அதனால் மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

கூரையால் இன்னும் பெரிய வேலையும் வாங்கலாம். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் பள்ளி மாணவியாக இருந்தபோது வடிவமைத்த அயர்ன் வண்டியில் கூரையே சூரியத் தகடு, கரியே வேண்டாம். 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு அது தேர்வானது. அந்தக் கூரை இந்தத் தெருமுனைக்கு வரும் நாள் வரட்டும். அதுவரை மழை உள்ளே வராமல் இருந்தால் போதும்.

முதல் மழை ராத்திரி பெய்தது. அன்று மாலை மேசை முழுக்கத் தன் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிட்டுப் போயிருந்தார் அயர்ன்காரர். காலையில் வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டு கறை இல்லை.

இனி அந்த வீட்டுத் துணி திரும்பி வர வேண்டும். அதற்கு எந்தக் கடையிலும் தகடு விற்பதில்லை.