இண்டர்லூடுக்காக டேப்பைத் திருப்பியவர்களுக்கு

இளையராஜா பாட்டில் சரணத்துக்கு முன்னால் வரும் இண்டர்லூடுக்காகவே டேப்பைத் திரும்பத் திரும்பப் பின்னால் ஓட்டிக் கேட்டவர்கள் நம்மில் ஏராளம். பாட்டின் வரிகள் மறந்திருக்கும். அந்தப் பத்து விநாடி வயலின் மறக்காது. இன்ஸ்ட்ருமென்டல் ஹிப் ஹாப் ஆல்பங்களை நான் முதலில் சொல்வது இவர்களிடம்தான். "ராப்பெல்லாம் நமக்குப் புரியாதுங்க" என்று ஒதுங்குவார்கள். புரிந்துகொள்ள அதில் வார்த்தையே கிடையாது. பழைய இசைத்தட்டில் மனசுக்குப் பிடித்த நாலு விநாடியை வெட்டி எடுத்து, வேகத்தையும் சுருதியையும் மாற்றி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அடியில் டிரம்ஸ் போடுகிறார்கள். டேப்பைத் திருப்பிய விரல் தேடியதும் அதைத்தான்.

நான் இருக்கும் பெங்களூர் பொம்மனஹள்ளியில் இந்த இசைக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. ஓசூர் ரோட்டை ஒட்டிக் கார்மென்ட்ஸ் கம்பெனிகள், உள்ளே தெருவுக்குத் தெரு பி.ஜி. விடுதிகள். தர்மபுரிப் பையனும் ஒடிசாப் பையனும் கர்னூல் பையனும் ஒரே அறையில் இருப்பார்கள். எந்த மொழிப் பாட்டைப் போட்டாலும் ஒருவன் வெளியே நிற்பான். சொல்லில்லாத பீட்டுக்கு அந்தச் சங்கடமில்லை.

தொடங்க வேண்டியது ஜே டில்லாவின் 'டோனட்ஸ்'. அதைக் கேட்கக் கொடுத்தபோது கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாட்டு எப்பண்ணா ஆரம்பிக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. 31 துண்டுகள், மொத்தமே 43 நிமிடம். பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தைத் தொடுவதில்லை. முதல் துண்டுக்குப் பெயர் 'அவுட்ரோ', கடைசித் துண்டுக்கு 'இன்ட்ரோ'. முடிகிற இடத்திலிருந்து மறுபடி தொடக்கத்துக்கே போய்விடலாம். டெட்ராய்ட்டில் பிறந்த டில்லாவை லூபஸும் அரிய ரத்த நோயும் வாட்டிய காலத்தில் வந்தது இது. 2006 பிப்ரவரி 7, அவருடைய 32ஆவது பிறந்தநாளன்று வெளியானது. மூன்றாம் நாள் அவர் இறந்தார்.

அந்தக் கதைக்காக அதைக் கேட்க வேண்டாம், டிரம்ஸுக்காகக் கேளுங்கள். அவர் கையாண்ட எம்பிசி 3000 இயந்திரத்தில் அடிகளைத் துல்லியமான கட்டங்களுக்குள் ஒழுங்குபடுத்தும் வசதி உண்டு. டில்லா சில அடிகளை அந்தக் கட்டத்திலேயே விட்டு, சிலவற்றை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பார். இயந்திரம் மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிடும். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இழுவையின் ருசி உடனே பிடிபடும். அந்த இயந்திரம் இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்தது டிஜே ஷாடோவின் 'எண்ட்ரொட்யூசிங்' (1996). ஏறக்குறைய முழுவதும் பிறர் இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்துக் கட்டியது. இருட்டான ஆல்பம், இரவில் தனியாகக் கேட்க வேண்டியது. அது கனக்கிறது என்பவர்களுக்கு ஜப்பானின் நுஜாபெஸ் செய்த 'மோடல் சோல்' (2005). பியானோவும் புல்லாங்குழலும் தேடுகிறவர்கள் அங்கே தங்கிவிடுவார்கள். டில்லா பிறந்த அதே 1974 பிப்ரவரி 7இல் பிறந்த நுஜாபெஸும் 2010இல் ஒரு சாலை விபத்தில் போய்விட்டார்.

நம் வீட்டுப் பொருளே திரும்பி வருவதைக் கேட்க மேட்லிபின் 'பீட் கண்டக்டா இன் இந்தியா' (2007). இந்தியத் திரையிசைத் தட்டுகளைத் துண்டாக்கிச் செய்தது. அவரோடு சேர்ந்து 'மேட்விலனி' (2004) தந்த எம்எஃப் டூம், 'ஸ்பெஷல் ஹெர்ப்ஸ்' என்று பல தொகுதிகளாகத் தன் பீட்டுகளை மட்டும் வெளியிட்டார். அவற்றுக்கு வெந்தயம், குங்குமப்பூ, கற்பூரம் என்றெல்லாம் பெயர். 'மேட்விலனி'யில் ராப் உண்டு. பல்லவி என்று பெரிதாக எதுவும் இல்லை. வார்த்தைகளுக்குள் நுழைய விரும்புகிறவர்களுக்கு அதுதான் வாசல். அதற்குள் போனவர்கள் பெங்களூரின் ஸ்மோக்கி தி கோஸ்ட்டையும் தேடிக் கேட்கட்டும்.

தமிழில் யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்' (2006) மலேசியாவிலிருந்து வந்தது. 'நிழல்கள்' படத்தின் பாட்டை அவர்கள் 'மடை திறந்து' என்று ராப்பாக்கியபோது, ராஜாவின் மெட்டுக்குள் ஹிப் ஹாப்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்தது. 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' கொண்டுவந்தார்கள். அறிவின் சொற்களை எல்லாரும் பேசினோம், பேசவேண்டியவைதான். ஆஃப்ரோவின் பீட்டுகளைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம். டொரன்டோவின் யான்சன் மிருதங்கத்தை ஹிப் ஹாப்புக்குள் கொண்டுவந்தபோதும் கவனம் ராப்பர்கள் மேலேயே இருந்தது.

ஒரு வேண்டுகோள்: இவை எதையும் ஷஃபிளில் போடாதீர்கள், போன் ஸ்பீக்கரிலும் போடாதீர்கள். பேஸ் காணாமல் போனால் பாதி ஆல்பம் போயிற்று. சில்க் போர்டு பக்கம் டிராஃபிக்கில் மாட்டினால் 'டோனட்ஸ்' முழுசாகவே ஓடி முடியும். கிருஷ்ணகிரித் தம்பி இப்போது 'மோடல் சோல்' கேட்கிறார். 'தெருக்குரல்' பீட்டுகளை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறார். எனக்கும் அந்த ஆசை ரொம்ப நாளாக உண்டு.