ஜண்டாப்பூர்ல ஒரு ஜனவரி ஒண்ணாந்தேதி

டெல்லிக் குளிர்ல ஜனவரி 1 காலையில ரஜாயை விட்டு வெளியில வர்றவன் ஒண்ணு பால்காரனா இருக்கணும், இல்லைன்னா கிறுக்கனா இருக்கணும். சில வருஷம் முன்னாடி நான் ரெண்டாவது ரகத்துல சேர்ந்தேன். பனி கொட்டுது, எதிர்ல வர்ற ஆட்டோ தெரியலை. தங்கமணி வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே பின்னாடி வர்றாங்க. அப்போ எட்டு வயசு எங்க பொண்ணுக்கு, குரங்குக் குல்லாய்க்குள்ள கண்ணு மட்டும்தான் வெளியில.

எங்க போறோம்? நாடகம் பார்க்க. ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்துக்கு இல்லைங்க. சாஹிபாபாத் இண்டஸ்ட்ரியல் ஏரியாவை ஒட்டி இருக்கிற ஜண்டாப்பூர்ல, அம்பேத்கர் பார்க்.

அந்த ஏரியாவுலதான் நான் ஆணி பிடுங்குறேன். ஐ.டி. மக்கள் சொல்ற ஆணி இல்லை, நிஜ ஆணி. எங்க கம்பெனியில செய்யறதே போல்ட்டு, நட்டு, ஸ்க்ரூதான் :-) கும்பகோணத்துல டிப்ளமோ முடிச்சுட்டு ரயிலேறினவன், ஷாப் ஃப்ளோர்ல ஆரம்பிச்சு, மெல்ல மெல்ல கண்ணாடி கேபினுக்குள்ள போயிட்டேன்.

நாடகத்துக்குக் கூப்பிட்டது பேக்கிங் செக்‌ஷன்ல இருந்த காண்ட்ராக்ட் ஆள் ஒருத்தர். பீகார்ல பூர்ணியா பக்கம். நாலா மடிச்ச ஒரு நோட்டீஸை நீட்டி, "சாப், ஒண்ணாந்தேதி நாடகம் இருக்கு. குழந்தையையும் கூட்டிட்டு வாங்க"ன்னார். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா அந்த செக்‌ஷன் பக்கம் போனா நான் யார் முகத்தையும் நேரா பார்க்கிறதில்லை. காரணம் இருக்கு, வர்றேன். அந்த ரெண்டு மாசத்துக்காகத்தான் சரின்னு சொல்லிட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அந்தக் குழுவோட பேரு ஜன நாட்டிய மஞ்ச், சுருக்கமா 'ஜனம்'. 1973-ல டெல்லியில சில இளைஞர்கள் சேர்ந்து ஆரம்பிச்சது. முதல்ல மேடை, லைட்டுன்னு பெரிய நாடகம்தான் போட்டிருக்காங்க. எமர்ஜென்சி முடிஞ்சதும் பார்த்தா, கூப்பிடற தொழிற்சங்கங்கள்கிட்ட மேடை போடக் காசில்லை. காசில்லாம போடற மாதிரி நாடகம் செஞ்சா என்னன்னு 1978-ல 'மெஷின்'னு ஒண்ணு எழுதினாங்க. 13 நிமிஷம். ஆறு பேர் போதும். மேடை, செட்டு எதுவும் வேண்டாம்.

எழுதினவங்கள்ல ஒருத்தர் சஃப்தர் ஹஷ்மி. ஆங்கில இலக்கியம் படிச்சவர், காலேஜ்ல பாடம் எடுத்தவர், அப்புறம் வேலையை விட்டுட்டு முழுநேரமா இதுலயே இறங்கிட்டார். அவர் மனைவி மலயஸ்ரீ, ஸ்கூல் டீச்சர், அதே குழுவுல நடிகை.

1988 நவம்பர்ல இந்தப் பக்கத்து ஃபேக்டரிகள்ல ஏழு நாள் ஸ்ட்ரைக் நடந்தது. குறைஞ்சபட்சக் கூலிதான் முக்கியமான கோரிக்கை. அதை வெச்சு 'ஹல்லா போல்'னு ஒரு நாடகம். 1989 ஜனவரி 1, நகராட்சித் தேர்தல் நேரம், ஜண்டாப்பூர்ல நாடகம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு கும்பல் கம்பும் துப்பாக்கியுமா வந்து விழுந்தது. ராம் பஹாதூர்னு ஒரு தொழிலாளி, நேபாளத்துலேர்ந்து பிழைக்க வந்தவர், குண்டு பட்டு செத்தார். மத்தவங்களைத் தப்பிக்க விட்டுட்டு சஃப்தர் மாட்டிக்கிட்டார். மண்டையில அடி. மறுநாள் ராத்திரி உயிர் போச்சு. வயசு 34. கேஸ்ல தீர்ப்பு வந்தது 2003-ல, பதினாலு வருஷம் கழிச்சு.

இதையெல்லாம் செய்தியா எங்கேயோ படிச்சிருக்கேன். ஆனா அடுத்து நடந்தது எனக்குத் தெரியாது. பார்க் பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார். 3-ந்தேதி இறுதி ஊர்வலம். 4-ந்தேதி அதே குழு, அதே ஜண்டாப்பூருக்கு வந்து, பாதியில நின்ன நாடகத்தைப் போட்டு முடிச்சிருக்காங்க. மலயஸ்ரீயும் நடிச்சாங்க. புருஷன் போயி ரெண்டு நாள்தான் ஆகுது. அதுலேர்ந்து வருஷா வருஷம் ஒண்ணாந்தேதி இங்க வர்றாங்களாம். நான் ஹிந்தியைத் தமிழ்ல முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள தங்கமணி முணுமுணுப்பு நின்னுடுச்சு.

நாடகம் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. ஊர்ல மாரியம்மன் கோயில் திடல்ல கூத்து பார்த்தவங்களுக்கு இது புதுசில்லை. சுத்தி ஜனம், நடுவுல கொஞ்சம் வெத்து இடம், அவ்வளவுதான். ஆனா கூத்துல வேஷம், கிரீடம், அரிதாரம் எல்லாம் இருக்கும். இங்க கருப்புக் குர்தா மட்டும். நடிக்கிறவங்கள்ல காலேஜ் பசங்க இருந்தாங்க, வாத்தியார் இருந்தாங்க, மறுநாள் ஆபீஸ் போகவேண்டியவங்களும் இருந்தாங்க. யாருக்கும் சம்பளம் கிடையாது. மைக் இல்லை. அந்தக் குளிர்ல அடிவயித்துலேர்ந்து குரல் எடுக்கிறாங்க, வாயிலேர்ந்து புகையா வருது.

அன்னிக்கு ஒரு புது நாடகம் போட்டாங்க, அது எனக்கு அவ்வளவா ஒட்டலை. பேச்சு ஜாஸ்தி. அதுக்கப்புறம் பழைய 'மெஷின்'. ஆறு பேர் ஒருத்தரை ஒருத்தர் ஒட்டி நின்னு, கையைக் காலை ஆட்டி, வாயாலயே சத்தம் கொடுத்து ஒரு மெஷினா மாறிட்டாங்க. சத்தியமா சொல்றேன், எங்க ஹெடிங் மெஷின் சத்தம் அப்படியே. பொண்ணு கைதட்டிச் சிரிக்குது. திடீர்னு மெஷின் நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சுன்னு ஒருத்தர் கேட்க, அந்த மெஷினோட பாகங்களே ஒவ்வொண்ணா பிரிஞ்சு வந்து பேசுது: தொழிலாளி, முதலாளி, காவல்காரன்.

தொழிலாளிங்க என்ன கேட்கிறாங்கன்னு நினைக்கிறீங்க? ஆட்சியையா? சைக்கிள் நிறுத்த ஒரு ஸ்டாண்டு. சாப்பாட்டு நேரத்துல சூடா டீ கிடைக்க ஒரு கேண்டீன். காஜியாபாத் பக்கம் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில நிஜமா கேட்டது இது, அதுக்குப் பதில் துப்பாக்கிச் சூடு. அந்தச் சம்பவத்தை வெச்சுத்தான் இந்த நாடகத்தையே எழுதியிருக்காங்க.

டீன்னு கேட்டதும் எனக்கு உள்ள என்னமோ பிசைஞ்சது.

அந்த அக்டோபர்ல எங்க கம்பெனியில செலவைக் குறைக்கணும்னு ஒரு மீட்டிங். ஒவ்வொருத்தரும் ஏதாவது ஒண்ணை வெட்டிக் காட்டணும். நான் எக்ஸெல்ல உக்காந்து கண்டுபிடிச்சது, நைட் ஷிஃப்ட் காண்ட்ராக்ட் ஆளுங்க 140 பேருக்குக் கொடுக்கிற டீ. கப்பு 4 ரூபா, நாளைக்கு 560, இருபத்தாறு நாளைக்கு 14,560. வெட்டுன்னு எழுதினேன். கையெழுத்தும் என்னோடதுதான். "நல்ல கண்டுபிடிப்பு"ன்னு பாராட்டு வேற வந்தது. அந்த வருஷம் கஸ்டமர்களுக்குக் கொடுத்த டைரி, காலண்டர் செலவு இதைப்போல பல மடங்கு. அந்த பில்லையும் நான்தான் பாஸ் பண்ணினேன்.

அந்தப் பதிமூணு நிமிஷத்துல நான் நடிகர்களைப் பார்த்ததைவிட, வட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ன பூர்ணியாக்காரரைப் பார்த்ததுதான் அதிகம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாடகத்தை ரசிச்சு, வசனத்தைக் கூடவே முணுமுணுத்துக்கிட்டு இருந்தார். வேணும்னேதான் கூப்பிட்டாரா, இல்லை ரொம்ப நாளா தெரிஞ்ச சாப்னு கள்ளமில்லாம கூப்பிட்டாரா? இன்னிக்கு வரைக்கும் எனக்கு விடை தெரியாது.

முடிஞ்சதும் ரெண்டு பேர் ஒரு துணியை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வட்டத்தைச் சுத்தி வந்தாங்க. பத்து ரூபா, அஞ்சு ரூபா, சில்லறை எல்லாம் விழுது. நான் ஐநூறை எடுத்தேன். எடுத்ததும் கூச்சமா போச்சு, மடிச்சு மடிச்சுச் சின்னதாக்கிப் போட்டேன். பூர்ணியாக்காரர் இருபது ரூபா போட்டார். அஞ்சு டீ காசு.

திரும்பி வரும்போது பொண்ணு கேட்டா, "அப்பா, உங்க ஃபேக்டரியில டீ குடுப்பாங்களா?" நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி தங்கமணி, "அதெல்லாம் நல்லா குடுப்பாங்க, அப்பா தினம் நாலு டீ குடிச்சுட்டுத்தான் வர்றார்"னாங்க. நான் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டினேன்.

அப்புறம் நான் புரட்சி பண்ணிட்டேன்னு நினைச்சுடாதீங்க. மறுவாரம் ஜி.எம். கேபினுக்குப் போய், அந்த டீயைத் திரும்பக் கொடுக்கலாம்னு மென்னு முழுங்கிச் சொன்னேன். "அவங்க காண்ட்ராக்டரோட ஆளுங்க, நம்ம பொறுப்பில்லை. நீங்களேதானே எழுதினீங்க?"ன்னார். அதுக்கு மேல வாக்குவாதம் பண்ற தைரியம் எனக்கு இல்லை. வீட்டு லோன் ஓடுது, பொண்ணு ஸ்கூல் ஃபீஸ் இருக்கு, உங்களுக்குத் தெரியாததா. இருந்தாலும் ரெண்டு மூணு தடவை போனதுல, குளிர் காலம் முடியற வரைக்கும்னு ஒரு அனுமதி கிடைச்சது. ராத்திரி மூணு மணிக்கு, சின்ன பேப்பர் கப்புல. மார்ச்ல நிறுத்திட்டாங்க. அதுக்கும் நோட் எழுதினது நான்தான்.

பூர்ணியாக்காரரோட காண்ட்ராக்டும் அந்த மார்ச்லதான் முடிஞ்சது. நான் லீவுல ஊருக்குப் போயிருந்த வாரம். திரும்பி வந்தப்போ அவர் நின்ன இடத்துல வேற ஒரு பையன் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு இருந்தான்.

அடுத்த ஜனவரி ஒண்ணாந்தேதி, தங்கமணியே காலையில எழுப்பினாங்க. ஃபிளாஸ்க் நிறைய டீ போட்டு எடுத்துக்கிட்டோம். பார்க்ல அதே பனி, அதே கருப்புக் குர்தா, அதே பெரியவர். அவருக்கு ஒரு கப் ஊத்திக் கொடுத்தேன். நாடகம் ஆரம்பிக்கற வரைக்கும் வட்டத்தை ரெண்டு தடவை சுத்தி வந்து பார்த்தேன். பூர்ணியாக்காரர் வரலை.