தம்பியைத் தேடும் ராஜி

புனேயின் நொடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கி 2020இல் வெளியான 'ராஜி' வீடியோ விளையாட்டை அதன் அழகுக்காகத்தான் பலரும் புகழ்கிறார்கள். ராஜஸ்தான் கோட்டைகள், பஹாடி ஓவியச் சாயல், நிழற்பாவையில் நகரும் கதை எல்லாம் அழகுதான். ஆனால் அதன் உயிர் ராஜியின் உடலசைவில் இருக்கிறது என்பேன். அசுரர் தூக்கிச்சென்ற தம்பி கோலுவைத் தேடிப் போகும் சர்க்கஸ்காரி அவள். சுவரில் ஓடி, தூணைப் பிடித்துச் சுழன்று திரிசூலத்தை இறக்கும்போது தாவலும் சண்டையும் ஒரே வித்தையாகின்றன. பழகிய தொழிலே அவளுக்கு ஆயுதம். அதனால்தான் அடி விழும்போது கைக்கும் நிறைவு, மனதுக்கும் நிறைவு.

போரைக் கண்ட வன்னிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சண்டை விளையாட்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துப்பாக்கி விளையாட்டுகள் பலவற்றில் எதிரியை வீழ்த்துவதே இலக்கு. இங்கே ஒவ்வொரு சண்டையும் தம்பியிடம் போகும் வழியில் நிற்கும் தடை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய போராட்டத்தை அறிந்த மண்ணுக்கு அந்தத் தேடல் விளங்கும். விளையாட்டின் முடிவு அந்தரத்தில் நிற்கிறது என்ற குறை உண்மைதான். ஆனாலும் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை இப்படியொரு விளையாட்டாக்க எங்கள் இளையோர் துணியவேண்டும். ஆட்டத்தையும் கண்ணகியின் கோபத்தையும் ஒரே தாளத்தில் கட்டிவைத்த கூத்து அது.