வடசேரியில் புதையல் தேடினோம்!

போன ஆவணியில் எங்கள் நாகர்கோவிலில் ஒரு பெரிய கடைக்காரர்கள், விளம்பரத்துக்காக ஊர் முழுக்கப் 'புதையல் வேட்டை' ஒன்று வைத்தார்கள். நான்கு பேர் ஒரு குழு. காலை ஏழு மணிக்கு வடசேரியில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். அதிலுள்ள விடுகதைகளுக்கு விடை கண்டுபிடித்து, அந்தந்த இடத்துக்குப் போய் முத்திரை வாங்க வேண்டும். சொன்ன சாமான்களையும் சேகரித்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் திரும்ப வேண்டும். முதல் பரிசு ஃபிரிட்ஜ்!

"அத்தே, ஓட வேண்டியிருக்கும். உங்களால முடியாது" என்றான் நாத்தனார் மகன். அவன், என் மகள், பத்து வயசு சின்னவன், மூன்று பேர்தான் தேறினார்கள். நாலாவது ஆள் கிடைக்காமல் போகவே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சீட்டு கைக்கு வந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பறந்தார்கள். நான் மட்டும் இவர்களைப் பிடித்து ஒரு கடைத் திண்ணையில் உட்கார வைத்தேன். "பத்து நிமிஷம் முழுசாப் படிங்க, மக்களே!" நாத்தனார் மகனுக்குக் கோபம். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஒன்று புரிந்தது. விடுகதைகளை வரிசையாகத்தான் முடிக்க வேண்டும் என்று சீட்டில் எங்கேயும் இல்லை!

ஏழாவது விடுகதை, 'மண்ணே பிரசாதம், ஆறு மாதம் கறுப்பு, ஆறு மாதம் வெளுப்பு'. நாகராஜா கோயில்தான், சந்தேகமே இல்லை. எங்கள் ஊருக்கே அந்தக் கோயிலால்தான் பெயர். அன்றைக்கோ ஆவணி ஞாயிறு. நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் விட வருகிற பெண்கள் கூட்டம் நேரம் ஏற ஏறத் திமிறும். வருஷா வருஷம் அந்த வரிசையில் நின்றவளுக்கு இது தெரியாதா? அதை முதலில் முடித்தோம். வரிசைப்படி போன குழுக்கள் பத்து மணிக்கு வந்து கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். (அடுத்த முறை போனால் அந்தத் தூண்களைப் பாருங்கள். மகாவீரர், பார்சுவநாதர் உருவங்கள் இருக்கின்றன. சமணர் காலத்துச் சின்னம்.)

'மகாராஜா திறந்தார், மணி இன்னும் பேசுகிறது' என்றால் மணிமேடை. 1893-ல் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் திறந்து வைத்தது. 'சிரிக்க வைத்தவர் சிலையாய் நிற்கிறார்' என்றால் நம்ம ஒழுகினசேரிக் கலைவாணர். இதெல்லாம் சுலபம்.

ஏமாந்தது ஒன்றில். 'அண்ணன் பெயரில் நாள் முழுக்க ஓட்டம்.' வடசேரியில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறதே, அங்கேதானே ஓடுவார்கள் என்று அங்கே போய் இருபது நிமிஷம் சுற்றினோம். முத்திரைக்காரர் யாரையும் காணோம். அப்புறம் மகள்தான் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, ஓடுறது பஸ்ஸும்தானே?" மீனாட்சிபுரத்து அண்ணா பஸ் நிலையம்! பக்கத்தில் இருக்கிற விடை சரியான விடையாகத் தோன்றும், ஜாக்கிரதை. ஓடுவதற்கு முன்னால் வேறு ஏதாவது பொருந்துகிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாமான் பட்டியலில்தான் என் ராஜ்ஜியம். மட்டிப்பழம் ஒரு சீப்பு, தோவாளை மாணிக்கமாலை ஒன்று, வடசேரிக் கோயில் நகையின் படம் ஒன்று, எல்லாவற்றுக்கும் ரசீதோடு. சிவப்புக் கல் பதித்த நம்மூர்க் கோயில் நகை பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். அதைச் செய்கிற பட்டறை நம் தெருவுக்கு அடுத்த தெருவில் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை!

கனகமூலம் சந்தையில் நாத்தனார் மகன் ஒரு சீப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பார்த்தால் பாளையங்கோட்டான். "ஏலே, பிள்ளைகளுக்கு முதன்முதலா ஊட்டுற பழத்தையா உனக்குத் தெரியல? மட்டி மெலிசா, நுனி கூரா, மணமா இருக்கும்" என்றேன். இருபத்திரண்டு வருஷமாகப் பை தூக்கிச் சந்தைக்குப் போனதற்கு அன்றைக்குத்தான் ஒரு மதிப்பு. அதற்குப் பிறகு அவன், "அத்தே, அடுத்து எங்க?" என்று என்னிடமே கேட்க ஆரம்பித்தான்.

விளம்பரத்துக்காக ஊரைத் தேட வைப்பது புதிதல்ல. 1927-ல் இங்கிலாந்தில் 'வெஸ்ட்மின்ஸ்டர் கெஜட்' பத்திரிகை, 'லாபி லட்' என்று பெயர் சூட்டிய ஒருவரைக் கடற்கரை ஊர்களுக்கு அனுப்பியது. அடையாளம் கண்டால் 50 பவுன் பரிசு. ஆனால் கையில் அந்தப் பத்திரிகை இருக்க வேண்டும். வாசகத்தையும் அச்சிட்டபடியே சொல்ல வேண்டும். ஆளைப் பிடித்தால் மட்டும் போதாது! இங்கேயும் அப்படித்தான். எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்த ஒரு குழு பூக்கடையில் ரசீது வாங்கவில்லை, விலக்கிவிட்டார்கள்.

மணிமேடைப் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மணி பதினொன்றரை. எதிர்ப்புறம் முத்திரை மேஜையைக் கண்டதும் சின்னவன் என் கையை உதறிவிட்டு ரோட்டில் பாய்ந்தான். ஒரு ஆட்டோ பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கால் நடுக்கம் நிற்கக் கால் மணி ஆயிற்று. அதற்குப் பிறகு யாரையும் ஓட விடவில்லை, ஆட்டோ பிடித்துத்தான் வடசேரி வந்தோம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கையைப் பிடிக்க மட்டும் என்றே ஒரு பெரியவரை ஒதுக்குங்கள். முத்திரை வாங்க மற்றவர்கள் போகட்டும்.

பரிசு விஷயத்திலும் ஒரு வார்த்தை. பத்தாயிரத்துக்கு மேல் பரிசு என்றால் முப்பது சதவீதம் வருமான வரி உண்டு, பொருளாகக் கொடுத்தாலும்தான். ஃபிரிட்ஜ் என்று குதிப்பதற்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, பணம் கட்டுங்க" என்று போனில் வந்தால் நம்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு, ஐந்து லிட்டர் குக்கர். ஃபிரிட்ஜ் கோட்டாற்றுக் குழு ஒன்றுக்குப் போயிற்று. அன்றைக்கு ராத்திரி அந்தக் குக்கரிலேயே சோறு வைத்தேன். மாமியார் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஏட்டி, மட்டிப்பழத்த அவங்களே வச்சுக்கிட்டாங்களா?"