கோடில்லாத வெளிச்சம்

கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்கு டிசம்பர் மாதம்தான் ஞாபகம் வருகிறது. திண்டிவனத்தில் வேனுக்கும் லாரிக்கும் படம் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், கிறிஸ்துமஸ் நெருங்கினால் மற்ற வேலையை ஒதுக்கிவிடுவார். கோயில் குடிலுக்குப் பின்னால் கட்டுகிற வானத்துணிதான் அப்புறம் அவருக்கு எல்லாம். துணி முழுக்க நீலம் அடித்து, நட்சத்திரத்தைச் சுற்றி வெளிச்சத்தைப் பரப்புவார். தூரிகையில் போட்டால் வெளிச்சம் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். கம்ப்ரஸர் காற்றால் நிறம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் அது தெரியாது. இந்த வேலைக்குக் கூலி வாங்கமாட்டார். பெயிண்ட் காசு கொடுத்தால் உண்டு.

நான் அப்போது திண்டிவனத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு மேல்சித்தாமூர். சமண நயினார் வீட்டுப் பையன் குடில் வேலையில் போய் உட்காருகிறானே என்று பாட்டி குறைப்பட்டதில்லை. பொழுது சாய்வதற்குள் வந்து சாப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கண்டிப்பு.

ஏர்பிரஷ்ஷின் சூட்சுமம் விரலில் இருக்கிறது. விசையை அழுத்தினால் காற்று; அப்படியே பின்னுக்கு இழுத்தால் நிறம். இரண்டும் ஒரே விரலின் வேலை. பேனா மாதிரிப் பிடிக்கும் ஏர்பிரஷ்ஷுக்கு 1890களில் சார்லஸ் பர்டிக் என்பவர் காப்புரிமை வாங்கினார். பெயிண்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் தடித்தாலும் ஊசிமுனை அடைத்துக்கொள்ளும். சம்மனசின் இறக்கை மாதிரி விளிம்பு வேண்டிய இடத்துக்குப் பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டி மறைப்பு வைப்பார். வேலை நடக்கும்போது படத்தில் பாதிக்கு மேல் மூடித்தான் கிடக்கும். விசையை இழுக்குமுன் "கர்த்தரே" என்பார். ஜெபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முனை அடைக்கக் கூடாதே என்ற கவலையும் அதில் பாதி இருந்திருக்கும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து சித்தாமூர் வந்தார். மடத்தையும் பார்சுவநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு, மலைநாதர் கோயில் பாறைக்கு முன்னால் நின்றவர் நகரவில்லை. பாகுபலி, பார்சுவநாதர், தர்மதேவி, எல்லாம் ஒரே பாறையில் புடைத்து நிற்கும் உருவங்கள். கல்தச்சன் வெளிச்சம் வரைவதில்லை, நிழல் விழ இடம் செய்கிறான். அண்ணன் சொன்னது இன்னும் சுருக்கம்: "இவங்க எடுத்துக்கிட்டே போயிருக்காங்க. நான் போட்டுக்கிட்டே போறேன்." அன்று வெயில் இருக்கும்போதே பாட்டி அவருக்கும் இலை போட்டுவிட்டாள். இந்நேரத்துக்கே ராச்சாப்பாடா என்று கேட்டாலும் நன்றாகத்தான் சாப்பிட்டார்.

சாப்பிடும்போது பேச்சு வீரமாமுனிவருக்குப் போனது. கோணாங்குப்பம் பெரியநாயகி மாதா திருவிழாவுக்குப் போய்வருகிறவர் அவர். சேலை உடுத்திய மாதா; முனிவர் மணிலாவிலிருந்து வரவழைத்த சுரூபம் என்பது அங்கே வழங்கும் கதை. என் பங்குக்கு நான் சிந்தாமணியை எடுத்துவிட்டேன். சமணத் துறவி திருத்தக்கதேவரின் காவியத்தில் ஊறித்தான் அந்த இத்தாலியர் சூசையப்பருக்கு 3,615 பாட்டில் தேம்பாவணி பாடினார், வளன் என்று அவருக்குத் தமிழ்ப் பெயரும் வைத்தார் என்றேன். "அப்போ உங்க வீட்டுச் சாப்பாடு எங்களுக்குப் புதுசில்ல" என்றார் அண்ணன்.

கிறிஸ்தவ ஓவியன் என்றால் ஏசு படம் போடுகிறவன் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சிற்பிகளில் தனபால் ஏசுவை உருவமாகச் செய்தார், ஜானகிராம் செப்புத் தகட்டில் செய்தார். இருவரும் கிறிஸ்தவர்கள் இல்லை. எங்கள் அண்ணனோ ஏசுவின் முகத்தைப் போட்டு நான் பார்த்ததில்லை. லாரி முதலாளிகள் கேட்டால் புலி, கழுகு, அருவி. டிசம்பரில் வானம். அந்த வானத்தில்தான் அவருடைய விசுவாசம் இருந்தது என்று இப்போது படுகிறது. வானம் போடுகிற நாளில் பக்கத்தில் வேலை செய்தவர்களைக்கூடப் பீடி பிடிக்க விடமாட்டார்.

பிளெக்ஸ் வந்தபிறகு வேலை குறைந்தது. அதைப் பற்றிப் புலம்பியவர் இல்லை. அந்த நாட்களில்தான் அல்ஃபோன்சோ அருள்தாஸின் ஓவியம் அச்சான பத்திரிகை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெங்களூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே முதல்வராகவும் இருந்தவர். கிறிஸ்துவைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். ஒன்றன்மேல் ஒன்றாக ஒளி ஊடுருவுகிற நிறப்பரப்புகள். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தை மூக்கருகே பிடித்து, ஓரம் ஓரமாகத் தேடினார்.

"பிரஷ்ஷுதான்" என்றார் கடைசியில். "கம்ப்ரஸர் இல்லாமலே பண்ணியிருக்காருடா மனுஷன்."