இரண்டு பெயர் கொண்ட சந்தை ஊர்

செக் குடியரசில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட ஊர் வகை ஒன்று உண்டு. 'மியெஸ்டிஸ்' என்பது அதன் செக் பெயர். சந்தை ஊர் என்று நாம் சொல்லலாம். மன்னரோ நிலப்பிரபுவோ சந்தை கூட்டும் உரிமையை வழங்கியதால் முற்காலத்தில் இத்தகுதியை எய்திய ஊர்கள் பல. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் வழக்கொழிந்த இப்பட்டம் 2006 இல் மீண்டும் சட்டத்தில் இடம்பெற்றது. அவ்வாறான ஊர்களுள் ஒன்று ஸ்டொனார்ஷொவ். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் சிற்றூர்.

பொஹீமியாவும் மொராவியாவும் சந்திக்கும் மேட்டுநிலத்தில், யிஹ்லவா நகருக்குத் தெற்கே, ஸ்நொய்மோ செல்லும் பெருஞ்சாலையில் இது அமைந்துள்ளது. 13 ஆம் நூற்றாண்டில் யிஹ்லவாவில் வெள்ளி அகழப்பட்டபோது ஜேர்மன் மொழி பேசுவோர் வந்து குடியேறினர். செக் மொழிக் கடலின் நடுவே ஒரு ஜேர்மன் மொழித்தீவு உருவாயிற்று. அவர்கள் இவ்வூரை ஸ்டன்னெர்ன் என்றழைத்தனர்.

உலகம் இவ்வூரை முதலில் அறிந்தது வானத்தின் வழியாக. 1808 மே 22, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணியளவில் பேரிடி போன்ற ஓசையுடன் கற்கள் மழையாய்ப் பொழிந்தன. வானிலிருந்து கல் விழும் என்பதை அறிஞர்கள் ஏற்கத் தொடங்கிய காலம் அது. வியன்னாவிலிருந்து கார்ல் வொன் ஷ்ரைபெர்ஸ் வந்து கற்களைத் திரட்டினார்; ஊராரின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தார். பத்திரிகையாளன் ஒருவன் பொறாமைப்படக்கூடிய கள ஆய்வு அது! கருமையாய்ப் பளபளக்கும் மேலோடு கொண்ட அக்கற்கள் வெஸ்டா என்ற சிறுகோளுடன் தொடர்புடைய வகையைச் சேர்ந்தவை என்று இன்று கருதப்படுகின்றது. வெஸ்டா கண்டுபிடிக்கப்பட்டதோ 1807 இல், கல்மழைக்கு ஓராண்டு முன்னர்தான்.

இரண்டாவது முறை இவ்வூரின் பெயரை உலகுக்குக் கொண்டுசென்றவர் ஆர்தர் ஸைஸ்-இன்குவார்ட். 1892 இல் இங்கு பிறந்தவர். ஸாய்டிக் என்ற சிலாவியப் பெயரைக் களைந்து ஜேர்மன் பெயர் சூடிக்கொண்ட குடும்பம் அவருடையது. 1938 மார்ச்சில் ஒஸ்திரியாவை ஹிட்லருக்குக் கையளித்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1940 முதல் நெதர்லாந்தை ஆண்டார். அவரது ஆட்சியில் இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அங்கிருந்து நாடுகடத்தப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் மீளவில்லை. நூரெம்பேர்க் தீர்ப்பின்படி 1946 ஒக்டோபர் 16 இல் தூக்கிலிடப்பட்டார்.

இதே மொழித்தீவில், யிஹ்லவாவில் வளர்ந்தவர்தான் இசைமேதை குஸ்டாவ் மாலர். ஜேர்மன் பேசிய யூதக் குடும்பம் அது. அவருடைய தங்கையின் மகள் அல்மா ரோஸே ஒரு வயலின் கலைஞர். நாஸிகளுக்கு அஞ்சி வெளியேறியவர் நெதர்லாந்தில் அகப்பட்டுக்கொண்டார். 1942 இல் அங்கிருந்து தப்பியோடி பிரான்ஸில் பிடிபட்டார். அவுஷ்விற்ஸ் முகாமில் பெண்கள் இசைக்குழுவை நடத்தியபின் 1944 இல் அங்கேயே மாண்டார். தாயின் குடும்பம் வாழ்ந்த நகரத்துக்கு அண்மையில் பிறந்த ஒருவரின் ஆட்சியிலிருந்தே அவர் தப்பியோட நேர்ந்தது. இருவரது குடும்பங்களிலும் பேசப்பட்டது ஒரே மொழி. மொழி ஒன்றாயிருப்பதால் மனிதர் ஒன்றாவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் 1945 இல் வென்றவர்கள் மொழியைக் கொண்டே கணக்குத் தீர்த்தனர். ஜேர்மன் பேசிய மக்கள் வெளியேற்றப்பட்டனர். நாஸிகளை வரவேற்றவர்களோடு, வயல் உழுததன்றி வேறொன்றறியாதவர்களும் மூட்டைமுடிச்சுடன் சென்றனர். நூற்றாண்டுகள் நீடித்த மொழித்தீவு கரைந்தது. ஸ்டன்னெர்ன் மறைந்து ஸ்டொனார்ஷொவ் மட்டும் எஞ்சியது.

எனினும் பழைய பெயர் முற்றாக அழியவில்லை. விண்கற்கள் விழுந்தபோது வழங்கிய பெயரையே விஞ்ஞானம் தாங்கி நிற்கின்றது. ஆய்வேடுகளிலும் அரும்பொருட்சாலைகளிலும் அவை இன்றும் 'ஸ்டன்னெர்ன்' கற்களே. மனிதர்களை வெளியேற்றிய ஆணை கற்களைத் தீண்டவில்லை.