மூன்று டேங்க்குகள்

கோவில்பதாகையில் மூன்று விதமான டேங்க் உண்டு.

முதலாவது, ஏரி. வெள்ளைக்காரன் நம் ஏரிகளை ரிக்கார்டுகளில் 'டேங்க்' என்றுதான் எழுதி வைத்தான். இரண்டாவது, பக்கத்து ஆவடியில் செய்கிற போர் டாங்கி. மூன்றாவது, என் நூறு சிசி மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க். என்னை நாலு மாதம் படுத்தியது இந்த மூன்றாவதுதான்.

பதாகை என்றால் கொடி. சுந்தரராஜப் பெருமாள் கோவில் ஊருக்கு அடையாளம். ஆனால் ஆபீஸில் "எங்கே வீடு?" என்று கேட்பவர்களிடம் கொடி, கோவில் எதுவும் எடுபடாது. "ஆவடிக்கு அந்தாண்ட சார்" என்றால், "அடேயப்பா! தினம் வந்துட்டுப் போறீங்களா?" என்று, ஏதோ பத்ரிநாத்திலிருந்து வருகிற மாதிரி பார்ப்பார்கள். வாடகை குறைவு, ஏரிக்காற்று இலவசம் என்று நான் அடுக்குவதற்குள் அவர்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

காலையில் மகளை டேங்க் மேல் முன்னால் உட்கார வைத்து, ஆவடி தாண்டி, திருமுல்லைவாயிலில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே அம்பத்தூர் எஸ்டேட். இதுதான் என் ரூட். வண்டியில்லாவிட்டால் ஷேர் ஆட்டோ, எலெக்ட்ரிக் டிரெயின், மறுபடி ஷேர் ஆட்டோ. ரெஜிஸ்டரில் சிவப்பு மை.

ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று விக்கும். இரண்டு இழு, ஒரு தும்மல், பிறகு மௌனம். ஓரமாகத் தள்ளிப்போய், மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, மூடி, இரண்டு கிக் உதைத்தால்... ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும்!

டாக்டரிடம் போனால் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி, மெக்கானிக் கடைக்குப் போனால் வண்டி தங்கமாக நடந்துகொள்ளும். மெக்கானிக் தம்பி ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "எங்கண்ணே மிஸ்ஸிங்? ஸ்மூத்தா இருக்கே" என்பான். இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு ஒவ்வொன்றாக மாற்றினான். மழை ஈரமாக இருக்கும் என்று பிளக், 120 ரூபாய். பிளக் கேப், 90. கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதி மாட்டியது, 250. கடைசியில் இக்னிஷன் காயில், 480. ஆக மொத்தம் 940.

பி.காம். படித்தவன் வேறென்ன செய்வான்? நோட்டுப் போட்டேன். தேதி, மீட்டர் ரீடிங், போட்ட பெட்ரோல், செலவு, நின்ற இடம். அஞ்சு வருஷம் அக்கவுண்ட்ஸில் இருந்த கை, சும்மா இருக்காது.

காயில் மாற்றிய மூன்றாம் நாள், திருமுல்லைவாயில் தாண்டுவதற்குள் நடுரோட்டில் வண்டி விக்கியது. பின்னால் தண்ணீர் லாரி. டிரைவர் அடித்த ஹாரனில் மகள் இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். லாரி எங்களை ஒட்டி வளைந்து போனது. எவ்வளவு ஒட்டி என்பதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. (இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.)

அந்தப் பயம் அப்படியே கோபமாக மாறியது. சாயங்காலம் நேரே கடைக்குப் போனேன். நாலு பேர் நிற்கிறார்கள். "நல்லா இருந்த காயிலைக் கழட்டிக்கிட்டு எவன் வண்டியிலேயோ இருந்த பழசை மாட்டினியா?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லாவிலிருந்து 480 ரூபாயை எண்ணி ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, வேறு வண்டியின் செயினுக்கு ஆயில் விடப் போய்விட்டான். நானும் பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

இப்போது இரண்டாவது டேங்க்குக்கு வருவோம்.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. டாங்கிக்கு இன்ஜின் செய்வதற்கென்றே 1987-ல் தனி ஃபேக்டரி. எனவே இந்தப் பக்கத்துத் தெருக்களில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ரிடையர்டு ஃபிட்டர் மேல் விழும். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் அப்படித்தான். டாங்கி இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் செக்ஷனில் பல வருஷம் இருந்ததில் காது முக்கால்வாசி போய்விட்டது. என் மகளுக்கு அவர் 'டாங்கித் தாத்தா'.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். சத்தம் கேட்டுப் பார்க்கட்டும் என்று ஸ்டார்ட் பண்ணினேன்.

"எனக்குத்தான் காது கேக்காதே தம்பி. வாயால சொல்லுங்க. சுவிட்ச் போட்ட மாதிரி டக்குனு நிக்குதா, இழுத்து இழுத்துச் சாவுதா?" என்று கத்தினார்.

"இழுத்துதான் சார்."

"சோக் போட்டா?"

"ரெண்டு நிமிஷம் சமாளிக்கும்."

"அப்ப கரன்ட் இல்ல. டக்குனு நின்னா கரன்ட். இழுத்து நின்னா எண்ணெய். எங்க இன்ஜின் டீசல், பிளக்கே கிடையாது. அதனால எனக்குப் பிளக் மேல சந்தேகமே வராது!"

டி-72 டாங்கிக்கு 12 சிலிண்டர், 780 குதிரை சக்தி. "அதுல ஒண்ணு விக்கினாலும் பாக்கி பதினொண்ணு இழுத்துக்கிட்டுப் போகும். உங்களுது ஒண்ணே ஒண்ணு. அது விக்கினா குடும்பமே ரோட்டுல" என்றார். தண்ணீர் லாரி ஞாபகம் வந்தது.

பெருமைக்காக நோட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நின்ற தேதிகளை எல்லாம் விரலால் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் மேல்வரியைக் காட்டினார். எனக்குப் பகீரென்றது. டேங்க்கை ஃபுல் பண்ணிய நாட்களில் நாலைந்து கிலோமீட்டருக்குள் நின்றிருக்கிறது. பாதி டேங்க் என்றால் பத்துப் பன்னிரண்டு போயிருக்கிறது. ரிசர்வில் ஓடிய மாதக் கடைசிகளில் ஒரு தடவைகூட நிற்கவில்லை! நாலு மாதம் நானே எழுதிய கணக்கு. டோட்டல் போட்டேனே தவிர, படிக்கவில்லை.

"பெட்ரோல் பங்க்குல கலப்படமா சார்?" என்றேன், அடுத்த குற்றவாளியைத் தேடி.

"மூடியைக் கொண்டாங்க."

மூடியைத் திருப்பி, அடிப்பக்கம் விரலால் தடவினார். மிளகு சைஸில் ஒரு மேடு.

"இது யாரு வேலை?"

நான்தான். பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் பிரிந்து அடியில் தங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அது நிஜம்தான். அதனால் மழை ஆரம்பித்த வாரம், மூடியில் ஒரு பொடி ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, எம்-சீலை உருட்டி அடைத்துவிட்டேன். செய்துவிட்டு வீட்டில் பீற்றிக்கொண்டது வேறு.

"எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை போட்டா ஊத்துமா? காத்துக்கு இன்னொண்ணு போடணும்ல? டாங்கிக்கு எண்ணெய் தள்ள பம்ப் இருக்கு. உங்க வண்டிக்குப் பூமாதேவிதான் பம்ப்."

அதாவது, டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு அடி உயரம் இருந்தால் அதிகம். அந்த வேகத்தில்தான் பெட்ரோல் இறங்குகிறது. உள்ளே காற்றழுத்தம் நூறில் இரண்டு பங்கு குறைந்தாலே அது நின்றுவிடும். ஃபுல் டேங்க்கில் மேலே கொஞ்சம்தான் காற்று. கொஞ்சம் பெட்ரோல் இறங்கியதும் அழுத்தம் விழுந்துவிடும். காலி டேங்க்கில் நிறையக் காற்று, தாக்குப்பிடிக்கும். மூடியின் ரப்பர் இடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாக நுழைந்த காற்றில்தான் நாலு மாதம் வண்டி ஓடியிருக்கிறது. ரோட்டோரம் நான் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேனே, அந்த ஒரு வைத்தியம்தான் பலித்தது. மெக்கானிக் தம்பியும் வேலையை ஆரம்பிக்கும் முன் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்ப்பான். அதோடு நோய் குணம்!

பெரியவர் அப்படியும் நம்பவில்லை. "நிரூபிக்கணும்" என்றார். டேங்க்கை ஃபுல் பண்ணி, மூடியைப் பூட்டி, முதலாவது டேங்க்கான ஏரிப் பக்கம் போய்வந்தேன். ஐந்தாவது கிலோமீட்டரில் விக்கல். மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்...' என்று உள்ளே காற்று போகிற சத்தம்! உதைத்தேன், கிளம்பியது. அடுத்து மூடியைப் பூட்டாமல் சும்மா வைத்துக்கொண்டு அதே தூரம், அதே வேகம். விக்கவில்லை. மறுபடி பூட்டினேன், நின்றது. டெபிட்டும் கிரெடிட்டும் இவ்வளவு அழகாக டேலி ஆகி நான் பார்த்ததில்லை.

சேஃப்டி பின்னால் எம்-சீலைக் குடைந்தெடுக்க ஏழு நிமிஷம் ஆயிற்று. செலவு, பூஜ்யம்.

(2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். அதில் கோளாறு வந்தால் விளக்கு எரியும், பெட்ரோலுக்கும் பம்ப் உண்டு. ஆனாலும் நீங்கள் எங்கே எதை அடைத்தீர்கள் என்று விளக்கு சொல்லாது.)

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். அன்றைக்கும் நாலு பேர் நின்றார்கள். நல்லதாயிற்று. திட்டியதும் நாலு பேர் எதிரில்தானே! எம்-சீல் கதையை முழுக்கச் சொல்லி, "தப்பு என்மேல தம்பி, பேசினது தப்பு" என்று 480 ரூபாயை அதே ஸ்டூல் மேல் வைத்தேன். காயில் இன்னும் என் வண்டியில்தான் இருக்கிறது.

அவன் பணத்தைப் பார்க்கவில்லை. மூடியை வாங்கி, ஓட்டையில் வாயை வைத்து ஒரு ஊது ஊதிப் பார்த்தான்.

"நானும் இதைப் பாத்திருக்கணும்ணே" என்றான். பிறகு மேலே தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"அந்த எம்-சீல் மிச்சம் இருக்கா? இங்க ரெண்டு இடத்துல ஒழுகுது."